கேமரன் மலைக் கீரையில் ஓடில்லா நத்தை: பயப்பட வேண்டுமா?

கேமரன் மலை என்றதும் தேயிலைதான் ஞாபகம் வரும். தேநீரைப் பற்றிக் கவலை வேண்டாம். தேயிலை சூட்டில் காய்ந்து, கொதிநீரில் ஊறித்தான் உங்கள் கோப்பைக்கு வருகிறது. கவனிக்க வேண்டியவை அதே மலையில் விளையும் சாலட் இலைகளும், வீட்டுக்குப் பின்னால் போடும் கீரைப் பாத்தியும்தான்.

ஈரத்தில் ஊரும் ஓடில்லா நத்தை எலிப் புழுக்கையைத் தின்னும். எலியின் நுரையீரல் புழுவான 'ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ்' அப்படித்தான் நத்தைக்குள் போகிறது. இதில் ஓர் இனத்துக்கு 1971-இல் 'மலேசியென்சிஸ்' என்றே பெயர் வைத்தார்கள். மனிதரைத் தாக்குவதில் பேர்போனது அதன் உறவான 'கன்டோனென்சிஸ்'. முதல் நோயாளி 1945-இல் தைவானில் பதிவானார்.

இலையில் ஒட்டிய சின்ன நத்தையைப் பச்சையாக விழுங்கிவிட்டால், இளம்புழு மூளை வரை போகும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரலாம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். அபூர்வமாக உயிரே போகலாம். ஆளுக்கு ஆள் தொற்றாது.

உப்புத் தண்ணீரில் முக்கினால் போதும் என்பார்கள், போதாது. இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும். நத்தையைத் தொட்ட பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

இப்படித் தலைவலி வந்து மருத்துவரிடம் போனால், பச்சையாக என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு இந்தப் புழு நினைவுக்கே வராமல் போகலாம்.