ஈடு யாருடையது, பாடு யாருடையது?

எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் உத்தியோகத்தருக்கென்று இப்பொழுது பல தலைநகரங்களில் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. நண்பர் ஒருவர் அத்தகைய வகுப்பொன்றின் நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவந்து காட்டினார். முற்பகலில் ‘உள்நாட்டு எரிவாயுச் சந்தை: எதிர்கால நோக்கு’. பிற்பகலில், விருந்துக்குப் பின், ‘சமூக ஈடுபாடு’. விலை என்னவாகும், தேவை எவ்வளவு உயரும், எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலை நிறுத்துவது என்பனவெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. அந்தத் துறைமுகத்தின் கரையில் வாழும் மனிதர் பிற்பகலில்தான் வருகின்றனர். அதுவும் ‘இடர்கள்’ என்ற தலைப்பின் கீழ், புயலுக்கும் நாணய வீழ்ச்சிக்கும் அடுத்த வரியில்!

‘ஈடுபாடு’ என்ற சொல்லைத் தெரிந்தெடுத்த மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார். ஈடு என்றால் நம்மவர்க்குக் காணியை அடகு வைப்பது. பாடு என்றால் படுகின்ற துன்பம். ஈடு போனது யாருடைய காணி, பாடு பட்டவர் யார் என்பதை அறிய விரும்புவோர் திருக்கோணமலைக்கு வரட்டும்; கொட்டியார்க் குடாவைக் கடந்து சம்பூருக்கு வரட்டும்.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சிச் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா மக்கள் ஊரைவிட்டு ஓடினர். மட்டக்களப்புவரை சிதறிய பலர், பின்னர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் இருந்த முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. செப்ரெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசெம்பரில், திருக்கோணமலை மாவட்டத்தில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்க, இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடும் இலங்கை மின்சார சபையோடும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2007 மே மாத இறுதியில் மூதூர்க் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானி வெளிவந்தது. 2011 இல் கூட்டு நிறுவனம் ஒப்பந்தமாயிற்று. நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது அந்தச் சம்பூர் மண்ணில் சுமார் 500 ஏக்கர். மக்கள் தம் ஊருக்குத் திரும்பத் தொடங்கியதோ 2015 இல்!

இந்த ஆண்டுகளை வரிசையாக இன்னொரு முறை படியுங்கள். நிலத்துக்குரியவன் கூடாரத்தில் கிடக்கையில் நிலத்தின் விதி எழுதப்பட்டது. பின்னர் அவனிடம் பேசப் பயின்றவர்கள் வருவார்களாம். தாழ்ந்த குரலில், தேநீரோடு, வரைபடத்தோடு.

மூதூர்க் கிழக்கின் கரையோரத்தில் தம்மை வேடர் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் பழங்குடி மக்களும் வாழ்கின்றனர். பழங்குடிகளின் நிலத்தில் கைவைக்குமுன் அவர்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விடயமறிந்த சம்மதத்தைப் பெறவேண்டும் என்கிறது ஐக்கிய நாடுகளின் பிரகடனம். அது 2007 செப்ரெம்பரில் நிறைவேறியபோது இலங்கை ஆதரித்தே வாக்களித்தது. வலயத்தை அறிவித்த வர்த்தமானியின் மை உலர்ந்து நான்கு மாதமும் நிறையவில்லை.

நிலக்கரித் திட்டத்தை நிறுத்தியது எது? பயிற்சி பெற்ற எந்த அதிகாரியின் சாதுரியமும் அன்று. ஊர் திரும்பிய மக்கள் ‘வேண்டாம்’ என்றனர். கடல்நீர் சூடேறினால் மீன் எங்கே போகும் என்று கடற்றொழிலாளர் கேட்டனர். சுற்றாடல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2016 செப்ரெம்பரில், அந்நிலையம் கட்டப்படமாட்டாதென அரசு உயர்நீதிமன்றத்தில் கூறியது. மறுப்பே அங்கு காரியத்தைச் சாதித்தது. மறுப்பை ஏற்றுக்கொள்வது எப்படி என்று கற்பிக்கும் பாடம் மட்டும் நண்பர் காட்டிய நிரலில் இல்லை. ‘எதிர்ப்பைக் கையாளுதல்’ இருந்தது.

இனி, முற்பகல் பாடத்துக்கு வருவோம். சந்தையின் எதிர்காலத்தை எந்தச் சோதிடர் சரியாகச் சொன்னார்? மன்னார்க் கடலில் 2011 இல் கெயின் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. நாடே செழிக்கப்போகிறதென்று மேடைகள் முழங்கின. எண்ணெய் விலை சரிந்த காலத்தில், 2015 இல், அந்நிறுவனம் விலகிச் சென்றது. 2022 இல், ருஷ்ய வாயுவை இழந்த ஐரோப்பா உலகச் சந்தையில் திரவ வாயுவை அள்ளிக்கொண்டபோது, பாகிஸ்தான் அவ்வாண்டு ஜூலையில் கோரிய கேள்விப்பத்திரத்துக்கு ஒரு விற்பனையாளனும் முன்வரவில்லை. பணம் மிகுந்தவன் கரைக்குக் கப்பல் போகும். சந்தையின் ‘நோக்கு’ என்பது இவ்வளவுதான்.

நம் அடுப்படியையே எடுத்துக்கொள்வோம். 2021 ஒக்ரோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும்வரை 12.5 கிலோ சிலிண்டரின் விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. இடையில், 2021 இன் இறுதி மாதங்களில், வீடு வீடாக அடுப்புகள் வெடித்தன, உயிர்களும் போயின. புரொப்பேன், பியூற்றேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணமென ஜனாதிபதி நியமித்த குழு கண்டது. புரொப்பேனின் அழுத்தம் பியூற்றேனினும் மிக அதிகம். பழைய குழாயும் றெகுலேற்றரும் அதைத் தாங்குமா என்று கேட்டிருக்க வேண்டியவள் அடுப்பின் முன் நின்ற பெண். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னவர் உண்டா? இத்தனைக்கும் ‘நுகர்வோர்’ என்ற பெயரில் ஒவ்வொரு அறிக்கையிலும் அவள் இருக்கிறாள்.

துப்பாக்கியோடு வருவதைவிடப் பேச வருவது மேலல்லவா என்று ஒரு தோழர் கேட்டார். மேல்தான். செவிகொடுக்கும் உத்தியோகத்தரை நானும் கண்டிருக்கிறேன். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. நிலக்கரியைவிடச் சூரிய ஒளி நல்லது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் தீர்மானம் முடிந்தபின் கேட்கும் செவி எதற்கு? 2025 ஏப்ரல் 5 அன்று, நிலக்கரி போன அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் நிலையத்துக்குத் தொலைவிலிருந்தே திரைவழியாகத் தொடக்கவிழா நடந்தது. எரிபொருள் மாறிற்று; நிலம் யாருடையதென்ற கேள்வி மாறவில்லை. அதே ஆண்டு, முத்துநகர் விவசாயிகள் தாம் விளைவித்த வயல்கள் சூரியமின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காக அமர்ந்திருந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் இருந்தனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம்மைப் பிரித்து வைத்தே பிழைப்பவர்களுக்கு அது கசக்கும்.

அதே ஏப்ரல் 5 அன்றுதான் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் திருக்கோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. சீனன்குடாவில் வெள்ளையன் தன் கடற்படைக்கென்று கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் பேசப்படுகின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்தியன் எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. காலம் 50 ஆண்டு. இன்று மூதூரில் பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை, அந்தக் காலம் முடியும்போது அறுபதைக் கடந்திருப்பாள்.

ஆசிரியர்களே, மாணவர்களே, இந்த ஒப்பந்தங்களை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள். தந்தால், கையொப்பமிட்ட திகதியை முதலில் பாருங்கள். பிறகு, ஊர் மக்களைக் கூட்டிக் கேட்ட திகதி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.