நிழலும் நிர்ணயமும்

"எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று வைத்தியர் சொல்லும்போது, அந்த "எதற்கும்" என்ற சொல்லுக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு அர்த்தங்கள் உண்டு. இருமிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லப்படுமானால், அது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு எழுந்த சொல். யாதொரு உபாதையுமின்றித் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்திச் சொல்லப்படுமானால், அதே சொல் முற்றிலும் வேறொரு காரியத்தைக் குறிக்கும். முன்னதில் நோயாளி வைத்தியரைத் தேடி வருகிறார். பின்னதில் வைத்தியம் ஆரோக்கியமாயிருப்பவரைத் தேடிப் போகிறது. தேடி வந்தவருக்கு இயன்றதைச் செய்வது தர்மம். தேடிப் போய்ப் பரிசோதிக்கிறவரோ, அப்பரிசோதனையால் விளையும் தீமையைவிட நன்மையே அதிகம் என்பதை முன்கூட்டியே நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

2024 டிசம்பர் 7-ஆம் தேதி 347 மாவட்டங்களில் மத்திய அரசு தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவிகள் ஊர்களுக்கே கொண்டுபோகப்பட்டன. கருவி புதியதாயினும் அதன் பின்னுள்ள எண்ணம் பழையது. 1895-ல் ரான்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்த நாற்பத்தோராம் ஆண்டில், பிரேஸில் நாட்டு வைத்தியர் மானுவல் டி அப்ரூ, ஒளிரும் திரையில் விழும் மார்பின் நிழலைச் சிறிய பிலிமில் படம் பிடிக்கும் உபாயத்தைக் கண்டு, சொற்பச் செலவில் பெருங்கூட்டத்தைப் பரிசோதிக்க வழி வகுத்தார். 1957-ல் கிளாஸ்கோ நகரத்தார் ஐந்தே வாரங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் படம் எடுத்துத் தள்ளினர். அதே காலத்தில், 1955 முதல் 1958 வரை, நம் தேசத்திலும் சிறு பிலிம் எக்ஸ்ரேயைக் கொண்டு ஒரு மாபெரும் கணக்கெடுப்பு நடந்தது. க்ஷயம் என்னும் காசநோய் பட்டணத்து வியாதி என்ற நெடுங்கால நம்பிக்கையைத் தகர்த்து, கிராமங்களும் அதற்குச் சளைத்தவையல்ல என்று அது காட்டியது.

ஆனால், அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. பெங்களூர் தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்ஸனும், கணக்கெடுப்பில் அகப்பட்ட கிராமத்து நோயாளிகளை வீடு தேடிச் சென்று விசாரித்து, 1963-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு சங்கடமான உண்மையை வெளிப்படுத்திற்று. அந்நோயாளிகளில் பெரும்பாலோர் தமக்கு ஏதோ வியாதி இருப்பதை அறிந்தே இருந்தனர். அவர்களில் பாதிப்பேர் ஏற்கனவே ஏதோ ஒரு வைத்தியத்தை நாடிப் போய், சரியான நிர்ணயம் பெறாமலே திரும்பியிருந்தனர். வாசல்படி ஏறி வந்தவர்களின் சளியைச் சோதிக்காமல் அனுப்பிவிட்டு, வராதவர்களைத் தேடி வண்டி ஓட்டுவானேன் என்ற கேள்விக்கு அன்று எவரிடமும் பதில் இல்லை. அக்காலத்தில் வகுக்கப்பட்ட மாவட்டக் காசநோய்த் திட்டம், இருமலோடு வருகிறவரின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதையே மையமாகக் கொண்டது. 1974-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் கூட்டங்கூட்டமாக எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கைவிடும்படி சொல்லிற்று.

கைவிட்டதை இன்று ஏன் மறுபடி எடுத்திருக்கிறோம்? 2019-க்கும் 2021-க்கும் இடையே நடந்த தேசியக் கணக்கெடுப்பே காரணம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதைக் கண்ட அந்தக் கணக்கெடுப்பு, அவர்களில் 42.6 சதவீதத்தினர் எக்ஸ்ரே எடுக்கப்படாதிருந்தால் கைக்குத் தப்பியிருப்பார்கள் என்றும் தெரிவித்தது. இருமலும் காய்ச்சலும் வருமுன்பே நுரையீரலில் குடியேறிவிடும் நோயை, இருமலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் முறை எவ்வாறு பிடிக்கும்? இது எக்ஸ்ரேக்கு வக்காலத்து வாங்கும் சாட்சி. ஆயினும் அதே கணக்கெடுப்பு, அறிகுறி உள்ளவர்களிலேயே 64 சதவீதத்தினர் எந்த வைத்தியரையும் நாடவில்லை என்றும் சொல்கிறது. இதைப் பலரும் எடுத்துக் கூறுவதில்லை. அறிகுறி உள்ளவர்களே இன்னும் சரியான நிர்ணயத்தை எட்டவில்லை; ஆகவே 1963-ன் பாடம் பொய்த்துப்போகவில்லை. அதன்மீது இன்னொரு பாடம் ஏறியிருக்கிறது.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். லட்சம் பேரை வரிசையில் நிறுத்துவோம். அவர்களுள் 316 பேர் நோயாளிகள். நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகச் சுட்டிக்காட்டி, நோயற்றவர் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாக விடுவிக்கும் உத்தமமான கருவி நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அது 284 நோயாளிகளைப் பிடிக்கும். 32 பேரைக் கோட்டை விடும். நோயற்ற மற்ற 99,684 பேரிலோ, ஏறத்தாழ 9,968 பேர்மீது வீண் சந்தேகத்தைச் சாற்றும். அதாவது, "உங்கள் படத்தில் ஏதோ தெரிகிறது" என்று சொல்லப்பட்டவர்களுள் முப்பத்தாறு பேரில் ஒருவருக்கே நோய் இருக்கும். இது கருவியின் குற்றமன்று. அபூர்வமான ஒன்றைப் பெருங்கூட்டத்தில் தேடுவதன் இயல்பு. சந்தேகிக்கப்பட்ட பத்தாயிரம் பேருக்கும் சளிப் பரிசோதனை செய்து முடிவு சொல்ல ஆளும் ஆய்வுக்கூடமும் இருந்தால் அந்த எக்ஸ்ரே சல்லடையாகும். இல்லையேல், பத்தாயிரம் குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்த வதந்தியாகும்.

கதிரினால் ஆபத்து என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இயற்கையிலிருந்தே ஒரு மனிதன்மீது சுமார் பதினைந்து நாளில் படிகிற கதிர்வீச்சுக்கு மேல் ஒரு மார்பு எக்ஸ்ரேயினால் வருவதில்லை. ஆபத்து கதிரில் இல்லை. நிழலை நோயென்று படித்துவிடுவதில் இருக்கிறது. ஆறிப்போன பழைய தழும்பும், கல்லுடைப்பவரின் நுரையீரலில் படிந்த தூசும் படத்தில் நிழலாகவே விழும். நிபுணர்கள் ஒருவருக்கொருவர் முரண்படுவது மாத்திரமின்றி, அதே நிபுணரே அதே படத்தைச் சில காலம் கழித்துப் பார்க்கையில் தம் முந்தைய அபிப்பிராயத்துக்கு மாறாகச் சொல்வதையும் 1940-களிலேயே ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. படம் படிக்கும் கணினியை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் விஷயத்தில் அங்கீகரித்திருப்பது, ரேடியாலஜிஸ்ட் எட்டிப்பாராத ஊர்களுக்கு மெய்யாகவே பெரிய உபகாரம். ஆனால் கணினியும் சந்தேகிக்குமேயன்றித் தீர்ப்புக் கூறாது.

படத்துக்குப் பின் நடப்பதே பிரதானம் என்பதற்குச் சென்னையைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் நிறுவிய காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் போஷாக்குமே க்ஷயத்துக்கு மருந்து. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையமோ, ஒண்டிக் குடித்தனத்தில் படுத்தபடி மாத்திரை விழுங்கும் ஏழையும் சானடோரிய நோயாளிக்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைகிறான் என்று நிரூபித்து, உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது. அந்த மரபின் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழகம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் நிர்ணயமானவுடனே எடை எவ்வளவு, மூச்சு எப்படி, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, அபாய நிலையிலுள்ளவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. உயிர் காக்கும் அந்தக் கட்டத்தில் பயன்படுவது எடை பார்க்கும் இயந்திரமும் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியுமேயன்றி, விலையுயர்ந்த படக்கருவி அன்று.

காசநோய்க்குச் சொன்னது பிற நோய்களுக்கும் பொருந்தும். புற்றுநோயைத் தேடி ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுப்பதால் நுரையீரல் புற்றுநோய் மரணம் குறைவதில்லை என்று, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வொன்று 2011-ல் முடிவு சொன்னது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தவரிடையே குறைந்த கதிரளவு சி.டி. ஸ்கேன் அம்மரணத்தை 20 சதவீதம் குறைப்பதைக் காட்டியது. அங்கும் ஸ்கேனில் சந்தேகம் எழுந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோய் அல்லாதவையே. தென்கொரியாவிலோ, அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பரவியதன் விளைவாகத் தைராய்டு புற்றுநோய் 2011-ல் 1993-ஐக் காட்டிலும் பதினைந்து மடங்காகப் பெருகிற்று. அந்நோயால் மாண்டவர் தொகை மாறவில்லை. ஆயுள் முழுதும் தீங்கு செய்யாமல் உறங்கிக் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக எத்தனையோ பேர் கழுத்தில் கத்தியை ஏற்றுக்கொண்டார்கள். நம் நகரங்களில் "முழுவுடல் ஸ்கேன்" என்று தள்ளுபடி விலையில் விற்கப்படும் நிம்மதியை வாங்குகிறவர்கள் இந்தக் கதையை அறிந்திருத்தல் நலம்.

நோய் தேடும் பரிசோதனைக்கு வில்ஸனும் யுங்னரும் 1968-ல் வகுத்த நெறிகளுள், நிர்ணயத்துக்கும் சிகிச்சைக்கும் வசதி இருக்கவேண்டும் என்பது ஒன்று; தேடுதல் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று, இடையறாது நடக்கவேண்டியது என்பது மற்றொன்று. நூறு நாள் இயக்கம் இவ்விரண்டாலும் அளக்கப்படவேண்டும். எக்ஸ்ரே வண்டி போகட்டும்; நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர், சிறைவாசிகள், போஷாக்குக் குன்றியவர், நீரிழிவுக்காரர், முதியோர் ஆகியோரிடம் முதலில் போகட்டும். எடுத்த படங்களின் தொகையைப் பத்திரிகைக் குறிப்பில் வெளியிடும் அதிகாரிகள், சந்தேகிக்கப்பட்டவரில் எத்தனை பேருக்குச் சளி சோதிக்கப்பட்டது, எத்தனை பேர் மருந்து தொடங்கி முடித்தார்கள் என்ற தொகைகளையும் அதே குறிப்பில் வெளியிட வேண்டும். வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதோ மிக எளிது: உங்கள் வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், எந்த முகாமுக்காகவும் காத்திராமல், அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள், அங்கே அதற்குக் கட்டணம் கிடையாது.