கைப்பேசியா, காமிராவா?

அங்கத்தினர் ஒவ்வொருவர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கும்பொழுது, சங்கப் பணத்தில் காமிரா வாங்குவது வீண் செலவல்லவா என்று நம்மிடம் கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. உலகச் சந்தையும் அப்பக்கமே சாய்ந்திருக்கிறது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-இல் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் சந்தைக்குச் சென்றன; 2023-இல் சென்றவை 80 லட்சத்துக்கும் குறைவு. ஆயினும் நமக்கு எது வேண்டும் என்பதை நமது காரியத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

வயலைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் பரப்பிய கதிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நெல் வயல் மூழ்குவதை இத்தகைய தனி வயல் சேதங்களின் பட்டியலிலிருந்து 2018-இல் நீக்கினர். 2026 காரீப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இது சிறிய செய்தியன்று. எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்த படம் என்பதைக் கைப்பேசி படத்தோடு பதித்து, நின்ற இடத்திலிருந்தே செயலியில் ஏற்றிவிடும். விலையுயர்ந்த காமிராக்களிலும் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இல்லை. ‘லொகேஷனை’ முன்னதாகத் திறந்து வைக்க மறவாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்த இடக்குறிப்பு தங்குவதில்லை. 2018 கஜா புயலுக்குப் பின் மின்சாரமின்றித் தவித்த நாட்களை நினைத்து, ஐப்பசி பிறக்குமுன் ஒரு பவர் பேங்க்கும் வாங்கி வைப்பது நலம்.

துணியின் விஷயம் வேறு. அங்கத்தினர் கைப்பேசியை நம்பி நஷ்டப்படுவது இங்கேதான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவசரமாக எடுத்த படத்தில் அரக்கு, குங்குமச் சிவப்பாகிவிடுகிறது. வாங்கியவர் பிரித்துப் பார்த்து, தாம் கேட்ட நிறம் இதுவன்று எனத் திருப்பி அனுப்புகிறார். போகவரத் தபால் கூலியும் மடிப்புக் குலைந்த சேலையுமே நெசவாளிக்கு மிச்சம். வாங்கியவர் மீது குற்றமில்லை. ஸ்மார்ட்போன் கண்டதை அப்படியே தருவதில்லை; பல படங்களை நொடிக்குள் எடுத்து ஒன்றாக்கி, மங்கியதைத் துலக்கி, நிறத்தை ஏற்றித் தருகிறது. கல்யாணப் படத்துக்கு அது அழகு; சரக்கு விற்பவனுக்கு அது பொய்ச் சாட்சி.

காமிராவில் ஒளி வாங்கும் தகடு பன்மடங்கு பெரிது. இழையும் சரிகையும் துலக்கமாக விழும். துணியருகே வெள்ளைத்தாளை வைத்து நிறத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டால், வெளிச்சம் மாறாதவரை அடுத்த ஐம்பது சேலைக்கும் அதே அளவு நிற்கும். கைப்பேசிகள் சிலவற்றிலும் இது கூடும் என்பது உண்மையே. ஆனால் ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு நிறமாக வந்தால் சங்கத்தின் விற்பனைப் பட்டியல் என்னாவது? பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமான மயில்கழுத்துச் சேலைக்கோ எந்தக் கருவியிலும் ஒரு படம் போதாது. திருப்பிவைத்து இரண்டு எடுக்க வேண்டும். கூறைநாட்டுப் புடவையைப் போன்ற நுண்ணிய கட்டங்களில் இல்லாத அலைகள் தோன்றினால், சற்று விலகி நின்று எடுத்துப் பார்க்கலாம்.

வில்லையுடன் ஒரு நல்ல காமிரா அரை லட்சம் ரூபாயைத் தொடும். தனி நெசவாளிக்கு அது தாங்காது. கடன் வாங்கிப் பெரிய கைப்பேசி வாங்குவதும் வேண்டாத சுமை. சங்கத்துக்கு ஒன்று வாங்கி, வடக்கு ஜன்னலருகே வெயில் நேராக விழாத இடமொன்றை ஒதுக்கி, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருவரைப் பழக்குவதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். மகாசபையில் இதற்குப் பணம் ஒதுக்கும்பொழுது, காமிரா எவர் பொறுப்பில், எந்தெந்த நாளில் வெளியே வரும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். செயலாளரின் பீரோவில் பூட்டி வைப்பதற்காயின், வாங்க வேண்டியதில்லை.