கீழேயிருந்து வரும் பானை

தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே ஹட்டன் கடைவீதியில் மண்பானைகள் வந்து இறங்கிவிடும். தோட்டத்துச் சனங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு வாங்குவார்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்ட பானை. தொண்டை கட்டியதுபோல் ஒலித்தால் எங்கோ கீறல். "இது எங்கே செய்றதுண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "கீழே இருந்து வருது, கேகாலைப் பக்கம்" என்றார். மலையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு வரைக்கும் எல்லாமே கீழேதான்.

அந்தக் கீழேயைப் பார்க்கப் போனேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு இறங்கி, கொழும்பு பஸ் பிடித்தால் கடுகண்ணாவை வளைவுகள் தாண்டி மாவனல்லை வரும். மாவனல்லைக்கும் கேகாலைக்கும் நடுவில், கண்டி வீதியிலேயே இருக்கிறது மொலகொட. வீதியோரம் வரிசையாகச் சட்டி பானைக் கடைகள். காரில் போகிறவர்கள் நிறுத்தி, பூச்சாடி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கடைகளுக்குப் பின்னால் இறங்கி நடந்தால்தான் ஊர் தெரியும்.

ஒரு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் பானைக்கு அடி தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் வனைந்து எடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் கிடையாது. வாயும் கழுத்தும் வயிறும் மட்டும்தான். ஓரளவு காய்ந்ததும், உள்ளே உருண்டைக் கல்லை ஒரு கையால் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மண்ணை இழுத்து மூட வேண்டும். தட்டு பலமானால் கிழியும்; மெதுவானால் அடி தடித்து, சூளையில் வெடிக்கும். அந்த அம்மா பானையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே தட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "அம்மே, ஹட்டனிலிருந்து வருகிறேன்" என்றேன். "அப்படியென்றால் தைப்பொங்கலுக்கா, துவே?" என்று கேட்டார். நம் பண்டிகை எப்போது வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

களிமண்தான் இப்போது பெரிய பாடு என்றார். வயலில் தோண்டுகிற மண். 1992ஆம் ஆண்டுச் சுரங்க, கனியவளச் சட்டத்தின்படி அதைத் தோண்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மழை விடாமல் பெய்தால் வனைந்தது காயாது. காயாததைச் சூளையில் வைக்க முடியாது. விறகும் தேங்காய் மட்டையும் விலை ஏறிவிட்டன. இத்தனைக்கும் பிறகு, வீதியில் ஒரு பானைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம்.

திரும்பும் வழியில் கண்டி மத்திய சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். வாவிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மாடிக் கட்டடத்தில் கீழே மரக்கறி, பழம், இறைச்சி, மசாலா. மேலே துணியும், வெள்ளைக்காரர் வாங்கிப் போகும் பத்திக் சேலையும் முகமூடியும். "நுவரெலியா கரட், நுவரெலியா லீக்ஸ்" என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே கூவி விற்கிறார்கள். தேயிலைக்கும் அப்படியே. எந்த மலையில் பறித்தது என்பதுதான் அதன் விலை. மொலகொடச் சட்டி ஹட்டனுக்கு வந்து சேரும்போது மட்டும் ஊர்ப் பெயரைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறது. தமிழ்நாட்டில் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் வாசிப்பவர்கள் மானாமதுரைக் கடம் என்று பெயர் சொல்லியே கேட்டு வாங்குவார்கள். பெயர் இருந்தால் விலை கேட்கவும் கூச்சம் வராது.

நமக்கு மொலகொடச் சட்டி கடையில் வாங்கும் சாமான் மட்டுமில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டியும் முளைப்பாரிச் சட்டியும் மண்ணில்தானே! லயத்து வாசலில் பொங்குகிற பானையும் அதேதான். மலையில் நாம் இருநூறு வருஷமாக மண்ணைக் கொத்துகிறோம். ஆனால் சட்டி செய்யத் தோண்டிக்கொள்ள நமக்கென்று ஒரு துண்டு நிலம் கிடையாது. ஆகவே நம் சாமிக்கு வேண்டிய சட்டியைச் சிங்களக் கிராமத்துக் கைகள் தட்டித் தருகின்றன. இன ஒற்றுமை பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்தப் பானையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேட்டதில்லை.

தோட்டத்துக் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு எப்படியும் லொறி பிடிக்கிறீர்கள். ஒரு நடை மொலகொடவுக்கு அனுப்பி, தேவையான சட்டிகளைச் செய்கிறவர் கையிலேயே முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். வீட்டுக்காரர்களும் பொங்கல் பானையோடு குழம்புக்கு ஒரு சட்டி சேர்த்து வாங்குங்கள். புதுச் சட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சித் தண்ணீர் காய்ச்சி இறக்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும்.