முட்டை அட்டைத் தொழில்: மெஷின் விலை மட்டுமே முதலீடு ஆகாது

நாமக்கல் வட்டாரத்தில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. 30 முட்டைக்கு ஓர் அட்டை வேண்டும். பழைய பேப்பர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மணிக்கு 1,000 அட்டை போடும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டால் போதும், மூன்றே வருடத்தில் கடன் அடைந்துவிடும், மானியமும் உண்டு. மெஷின் விற்பவர்களும், தொழில் யோசனை சொல்பவர்களும் சில ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும், பூர்விக நிலத்தை அடகு வைக்கத் துணிந்தவர்களும் இதை நம்பிப் பணம் போடுகிறார்கள். முட்டை அட்டை நல்ல தொழில்தான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் பட்ஜெட் தவறு. ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வரி, மெஷினின் வேகம். 1,000 என்பது அச்சு ஒரு மணி நேரத்தில் கூழை உறிஞ்சித் தள்ளும் எண்ணிக்கை. அச்சிலிருந்து வருவது அட்டை அல்ல, அட்டை வடிவத்தில் இருக்கும் ஈரக்கூழ். காய்ந்தபின் 70 கிராம் நிற்கும் அட்டை, அச்சை விட்டு வரும்போது ஏறத்தாழ 250 கிராம் இருக்கும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நடுப்பகுதி தொய்ந்து பள்ளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிச்சமுள்ள 180 கிராம் தண்ணீரை வெளியேற்றுவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பாதி. எத்தனை அட்டை போட முடியும் என்பதை முடிவு செய்வது மெஷின் அல்ல, ஒரு நாளில் எத்தனை அட்டையை உலர்த்த முடியும் என்பதுதான்.

இதற்கு விற்பனையாளர்கள் வைத்திருக்கும் பதில் வெயில். “நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?” என்பார்கள். இடக் கணக்கைப் போடுங்கள். ஓர் அட்டை சுமார் ஓர் அடிக்கு ஓர் அடி. எட்டு மணி நேர ஷிஃப்டில் 8,000 அட்டை என்றால், ஒன்றை ஒன்று தொடாமல் பரப்ப 8,000 சதுர அடி வேண்டும். ஆள் நடக்கவும் தள்ளுவண்டி திரும்பவும் வழி விட்டால் 25 சென்ட் நிலம் போய்விடும். அந்த அட்டைகள் அன்று மாலைக்குள் காய்ந்தால்தான் மறுநாள் அட்டைக்கு இடம் கிடைக்கும். பரப்பவும், புரட்டவும், மேகம் திரண்டால் ஓடிப்போய் அள்ளவும் தனி ஆட்கள் வேண்டும். சித்திரை வெயிலில் இதெல்லாம் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நடக்காது. பாதி காய்ந்த அட்டையை அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அது மறுபடி கூழ்த் தொட்டிக்குத்தான் போகும்.

சரி, உலர்த்தும் அறை கட்டிக்கொள்ளலாம் என்றால், அதன் செலவை மெஷின் விலைக்குக் கீழே ஒரு சின்ன வரியாக எழுதிவிடுகிறார்கள். 1,000 அட்டையிலிருந்து 180 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பாதி வீணாகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குச் சுமார் 60 கிலோ காய்ந்த விறகு, அல்லது ஏறக்குறைய 25 லிட்டர் டீசல் பிடிக்கும். விறகு கிலோ 5 ரூபாய் என்றால் அட்டைக்கு 30 காசு. டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றால் அட்டைக்கு 2 ரூபாய் 25 காசு. அட்டை விற்கும் விலையில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். டீசல் பர்னரோடு வரும் உலர்த்தியை “சுத்தமானது, ஆள் வேண்டாம்” என்று சொல்லி விற்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. சீமைக்கருவேல விறகோ, கடலைத்தோலை அழுத்திச் செய்த பிரிக்கெட்டோ எங்கிருந்து, என்ன விலைக்கு, மழைக்காலத்தில் காய்ந்த நிலையில் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மெஷின் விசாரணையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பழைய பேப்பர் மலிவு என்ற நம்பிக்கை. அது குப்பை அல்ல, சந்தைச் சரக்கு. கிராஃப்ட் பேப்பர் ஆலைகள் டன் கணக்கில் வாங்கும் அதே அட்டைப்பெட்டியையும் பத்திரிகைக் காகிதத்தையும்தான் நீங்களும் வாங்கப் போகிறீர்கள். வெளிநாட்டு வரத்து குறைந்தால் ஆலைகள் உள்ளூர்ச் சரக்கை அள்ளும், விலை ஏறும். 70 கிராம் அட்டைக்குக் கழிவு போக 80 கிராம் பேப்பர் வேண்டும். கிலோ 15 ரூபாய் என்றால் பேப்பருக்கு மட்டும் 1 ரூபாய் 20 காசு. கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் அட்டைக்கு 40 காசு கூடும். லாபமே 30 காசு என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால், அந்த ஓர் ஏற்றத்தில் அது காணாமல் போகும்.

எடையிலும் ஏமாறலாம். பேல் கட்டி வரும் பேப்பரின் வெளிப்பக்கம் மொறமொறவென்று இருக்கும். கட்டை அவிழ்த்து நடுவில் கையை விட்டால் சில்லென்று ஈரம் தட்டும். 100 கிலோவில் 12 கிலோ தண்ணீர் என்றால், 15 ரூபாய் பேப்பரை உண்மையில் 17 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் பூசிய பெட்டியும், லேமினேஷன் போட்ட அட்டைப்படமும் கூழாகாமல் மிதந்து அச்சின் வலையை அடைக்கும். சிவகாசி அச்சகங்களின் வெட்டுக்கழிவு சுத்தமாக இருக்கும், ஆனால் விலை அதிகம். பத்திரிகைக் காகிதம் மட்டும் போட்டால் அட்டை வழவழப்பாக வரும், பலம் குறையும். அட்டைப்பெட்டி கலந்தால்தான் அடுக்கின் அடியில் இருக்கும் அட்டை நசுங்காமல் தாங்கும். இந்தக் கலவை விகிதம் பட்ஜெட்டின் உள்ளே வர வேண்டும். அது இல்லாமல் பேப்பருக்கு ஒரே விலை எழுதுவது வெறும் ஊகம்.

மூன்றாவது வாதம் சந்தை பற்றியது. மொத்த முட்டையை 30-ஆல் வகுத்து, அதுதான் புதிய அட்டைக்கான தேவை என்கிறார்கள். முட்டை போய்ச் சேர்ந்த கடையிலிருந்து நல்ல நிலையில் உள்ள அட்டை திரும்ப விற்பனைக்கு வருகிறது, பண்ணைக்குள் முட்டை சேகரிக்கப் பிளாஸ்டிக் ட்ரே இருக்கிறது, ஏற்கெனவே அட்டை போடுபவர்களுக்குப் பண்ணையாளர்களோடு பல வருடக் கணக்கு வழக்கு இருக்கிறது. வகுத்தல் கணக்கில் இவை எதுவும் இல்லை. பறவைக் காய்ச்சல் பயம் உள்ள காலத்தில் பழைய அட்டையைப் பண்ணைக்குள் விடக் கூடாது என்பது சரியான எச்சரிக்கை, அது புதிய அட்டைக்குச் சாதகமானதும்கூட. ஆனாலும் விலை வித்தியாசம் பெரிதானால் பழையது உள்ளே வந்துவிடுகிறது. வரியையும் மறக்கக் கூடாது. முட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆகவே அட்டைக்குக் கட்டும் வரியைப் பண்ணையாளர் வேறு எதிலும் கழித்துக்கொள்ள வழியில்லை. அவருக்கு வரியோடு சேர்ந்ததுதான் விலை. பேரமும் அதன் மேல்தான் நடக்கும்.

தேவையைவிட முக்கியமானது, பணம் எப்போது வரும் என்பது. விலையைப் பார்த்துக் கோழி முட்டையிடுவதை நிறுத்தாது. அதனால் முட்டை விலை விழுந்தாலும் அட்டை போய்க்கொண்டுதான் இருக்கும், காசுதான் நிற்கும். புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் முட்டை விற்பனை மந்தமாகிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே போகும் நாட்களில், பண்ணையாளர் முதலில் தீவனக்காரருக்குக் கொடுப்பார், அட்டைக்காரருக்குப் பிறகுதான். அவரைக் குறை சொல்ல முடியாது, கோழிக்குத் தீனி போட்டாக வேண்டும். அதே நேரத்தில் பழைய பேப்பர் வியாபாரி ரொக்கம் கேட்பார், கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். புரட்டாசியில் வசூல் நின்று, அதன் வாலைப் பிடித்து ஐப்பசி மழையில் உலர்த்தலும் நின்றால், இரண்டும் சேர்ந்து வரும் அந்த மூன்று மாதம்தான் புதிய ஆலையைச் சாய்க்கிறது. நடப்பு மூலதனத்தை மெஷின் விலையில் ஒரு சதவீதமாக எழுதாமல், இந்த மூன்று மாதச் செலவாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மானியம் பற்றியும் தெளிவு வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்டச் செலவு அனுமதி. பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். ஆனால் அந்தத் தொகை கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருடம் வைப்பாக நிற்கும், பிறகுதான் கடனில் கழியும். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கவும் முடியாது. உலர்த்தக் களம் தேவைப்படும் தொழிலில் இது பெரிய விஷயம். நல்ல திட்டம்தான், தகுதி உள்ளவர்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். முதல் வருடப் பணமுடைக்கு மட்டும் அது மருந்தாகாது.

இப்போது எல்லாவற்றையும் ஓர் அட்டையின் மேல் ஏற்றிப் பார்க்கலாம். கூலி, விலை எல்லாம் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வது, உங்கள் ஊர் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஷிஃப்டில் 80 சதவீத வேகம், மாதம் 26 நாள் என்றால் சுமார் 1,66,000 அட்டை. பேப்பர் 1 ரூபாய் 20 காசு, விறகு 30 காசு. தினம் 600 ரூபாய் கூலிக்கு ஆறு பேர் என்றால் 56 காசு. வெற்றிடப் பம்ப், கம்ப்ரசர், கூழ் அரைக்கும் பல்ப்பர் ஆகியவற்றின் மின்சாரம் 28 காசு. 30 லட்சம் கடனை 11 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 65,000, அதாவது 39 காசு. மொத்தம் 2 ரூபாய் 73 காசு. அச்சு தேய்மானம், வலை மாற்றம், வண்டி வாடகை, காய்ந்த பேப்பர் குவியலுக்கான தீ காப்பீடு எதுவும் இதில் இல்லை. மழையால் 15 நாள் மட்டும் ஓடினால் தவணைச் சுமை மட்டும் அட்டைக்கு 68 காசாகும். மாறாக, நல்ல உலர்த்தியோடு மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் அதே தவணை 13 காசாக இறங்கும். ஒரு ஷிஃப்ட், வெயில் உலர்த்தல், சின்ன மெஷின் என்று “பாதுகாப்பாக” ஆரம்பிக்கச் சொல்லும் யோசனைதான் இந்தத் தொழிலில் அதிக ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, ஆழ்துளைக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா என்ற சோதனை, வடிநீரை மறுபடி கூழுக்கே திருப்பும் தொட்டி ஆகியவை கட்டடம் எழும்புவதற்கு முன்பே முடிவாக வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மெஷின் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் ஊர் வியாபாரியிடம் வாங்கிய ஒரு டன் பேப்பரை நீங்களே எடை போட்டுக் கொண்டுபோய், அவர் ஏற்கெனவே நிறுவிய ஆலை ஒன்றில் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். எரித்த விறகையும் எடை போடுங்கள். நன்றாகக் காய்ந்து, முட்டை ஏற்றி அடுக்கியும் நசுங்காத அட்டைகளை மட்டும் எண்ணுங்கள். உங்கள் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுத வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான்.