முன்வரிசை ஒன்றா, இரண்டா?



நம் பல்கலைக்கழக ஹாக்கி அணி ஆடுவதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதற் பத்து நிமிடம் புயலெனப் பாய்வார்கள். கோல் போட வல்ல மூவரும் ஒருசேரக் களத்தில் நிற்பார்கள். அவர்கள் களைத்து வெளியேறியதும் மாற்றாக நுழைபவர்கள், பந்தைப் பறிகொடாமல் இருந்தால் போதும் என்று ஆடுவார்கள். எதிரணி விழித்துக்கொள்ளும் நேரம் அதுதான்.

வல்லவர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது முறையன்று. இரு வரிசைக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

“1952இல் ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா அடித்த 6 கோல்களில் ஐந்து பல்பீர்சிங் ஒருவருடையவை அல்லவா?” என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் இன்றுபோல் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் விதி அன்று இல்லை. மேலும், அதே பல்பீர் 1956இல் மெல்போர்னில் முதல் ஆட்டத்தில் கைவிரல் முறிந்து, தொடக்கச் சுற்றின் அடுத்த இரு ஆட்டங்களில் ஆட இயலாது போயிற்று. அவ்விரு ஆட்டங்களிலும் இந்தியா அடித்த கோல்கள் எத்தனை? அமெரிக்காவுக்கு எதிராக 16, சிங்கப்பூருக்கு எதிராக 6! உதம்சிங் போன்றோர் இருந்தனர். தங்கம் நம்மைவிட்டுப் போகவில்லை.

இன்றைய ஆட்டம் 60 நிமிடம். பதினைந்து பதினைந்தாக நான்கு பகுதிகள். எத்தனை முறையும் ஆளை மாற்றலாம். முழு வேகத்தில் ஓடும் முன்னணி வீரர் சில நிமிடங்களில் இளைப்பாற வேண்டியவரே. ஆகவே இரண்டாம் வரிசை என்பது ஒப்புக்கு நிற்பதன்று. ஏறக்குறைய பாதி ஆட்டம் அதன் கையில் இருக்கிறது.

ஜீவனஹள்ளியில் நாங்கள் அறுவர் ஒரே வீட்டில் சமைத்து உண்கிறோம். சமைக்கத் தெரிந்தவர் இருவரே. இருவரையும் ஒரே நாளில் அடுப்படிக்கு அனுப்பினால் அன்று விருந்து, மறுநாள் பட்டினி! ஆளுக்கொரு நாள் என்று வைத்தோம். நாள்தோறும் சோறு உண்டு. இதற்கு விஞ்ஞானம் படிக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லோரையும் பிரித்துச் சிதறடிக்கச் சொல்லவில்லை. ஒருவர் ஓட்டத்தை மற்றவர் கண் மூடியும் அறிந்த இணையைப் பிரிக்கலாகாது. அவ்விருவரும் முதல் வரிசையில் நிற்கட்டும். மூன்றாமவர், தமக்குப் பந்தைத் தரத் தெரிந்த ஒருவருடன் இரண்டாம் வரிசையை நடத்தட்டும். இன்னொன்று: பெனால்டி கார்னர் கிடைத்தபின், அது முடியும்வரை ஆளை மாற்ற விதி இடந்தராது. டிராக் ஃபிளிக் அடிப்பவர் அப்போது வெளியே அமர்ந்திருந்தால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே! எனவே எந்நேரமும் அதில் தேர்ந்த ஒருவர் களத்தில் இருத்தல் வேண்டும்.

2021இல் டோக்கியோவில் ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா, 5-4 என வென்று வெண்கலம் பெற்றது. ஐந்து கோல்களையும் அடித்தவர்கள் நால்வர். 2024இல் பாரிசிலும் வெண்கலம் வந்தது. ஆனால் அங்கு அடித்த 15 கோல்களில் 10 ஹர்மன்பிரீத்சிங் ஒருவருடையவை. அவரைப் போற்றுவோம். ஆயினும் அவருக்கு ஒருநாள் கை ஓயுமானால் என்ன செய்வது என்ற கவலை எழாமல் இல்லை. தனி மரம் தோப்பாகாது.

இதில் கோலைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. கோவில்பட்டி போன்ற ஊரில் ஆடிப் பழகி, இங்கே முதலாண்டில் சேரும் தம்பி இரண்டாம் வரிசையில்தான் இடம் பெறுவான். நல்ல பந்து தரும் அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவன் ஈராண்டில் வீரனாவான். இல்லையேல் கோலைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுப் போவான். மூத்தவர்கள் படிப்பு முடிந்து போனபின் அணியை யார் நடத்துவது?

அணித்தலைவர்களே, அடுத்த ஆட்டத்திற்குப் பெயர் எழுதும்போது இரண்டாம் வரிசையை முதலில் எழுதுங்கள்! வெற்றி தானே வரும்.