ஆறா, பதினாறா?

ஹைதராபாதில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மஞ்சீரா தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? பூஜை அறை உண்டா? பக்கத்தில் தமிழ்க் குடும்பம் இருக்கிறதா? பத்மாராவ் நகரானாலும் மாரேட்பள்ளியானாலும், "சமையலறையில் பவர் பாயிண்ட் எத்தனை ஆம்பியர்?" என்று ஓனர் காருவிடம் கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. தண்ணீருக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் கட்சி.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 750 வாட் மிக்ஸிக்கு 3க்குச் சற்று மேல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3. டேபிள்டாப் கிரைண்டர் பாவம், ஒன்றைக்கூட எட்டாது. இவை 6 ஆம்பியர் பாயிண்டில் நிம்மதியாக ஓடும். (நாம் 5, 15 என்று சொல்லிப் பழகியவைதான் இன்று 6, 16.) ஆனால் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 கேட்கிறது, 3000 வாட் கீஸர் 13 கேட்கிறது. இவற்றுக்கு 16தான் வேண்டும்.

பெரிய பிளக்கின் முள் பருமனாக இருப்பதே சிறிய துவாரத்தில் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தடையை நாம் ட்ரூப் பஜாரில் ஒரு கன்வர்ட்டர் வாங்கித் தாண்டிவிடுகிறோம். 6 போக வேண்டிய இடத்தில் 12 ஆம்பியர் போனால் சூடு இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. துவாரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறுவது அதனால்தான். "எம்.சி.பி. இருக்கிறதே, விழுந்துவிடும்" என்பார்கள். அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் 12 அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அது விழாது, ஸாக்கெட் கருகும். சிங்கப்பூர் உறவினர் கொண்டுவரும் சதுர முள் பிளக்கில் உள்ளேயே ஒரு ஃபியூஸ் உண்டு. நம் உருண்டை முள் பிளக்கில் அதுவும் கிடையாது.

கன்வர்ட்டரைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. எங்கள் வீட்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் கேட்டோம். அரை மணியில் ஆள் வந்து பளபளவென்று புது ஸாக்கெட் மாட்டிவிட்டுப் போனார். சந்தேகத்தில் வேறொருவரைக் கொண்டு திறந்து பார்த்தால், பின்னால் விளக்குக்குப் போட்ட அதே 1 சதுர மில்லிமீட்டர் வயர்! முகப்பில் 16 என்று எழுதிவிட்டால் வயர் தடித்துவிடுமா? போர்டிலிருந்து தனியாக, குறைந்தது 2.5, கீஸருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வர வேண்டும். எர்த்தும் வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் மூன்றாவது துவாரம் எதோடும் சேராமல் சும்மா இருக்கிறது. அடிக்கடி விழுகிறதென்று எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றுவதோ, காவல்காரனைத் தூங்க வைப்பதுதான்.

2025 மே 18 அன்று சார்மினார் அருகே குல்ஜார் ஹவுஸில் நடந்த தீ விபத்தில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். ஷார்ட் சர்க்யூட் என்று அதிகாரிகள் முதலில் தெரிவித்தார்கள். அந்தக் கட்டடத்தின் கதை வேறாக இருக்கலாம். ஆனால் அச்செய்தியைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு, அன்று மாலையே கன்வர்ட்டரில் இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டிய வீடுகள் நம்மில் எத்தனையோ!

செலவு யாருடையது என்ற வழக்கு வரும். சுவரில் பதித்த வயர் நாம் காலி செய்தாலும் வீட்டோடுதான் நிற்கும். ஆகவே ஓனருடையது என்பேன். ஒப்பாவிட்டால் பாதிப் பாதி, அதையும் அக்ரிமெண்டில் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப்போய், மெயினை அணைத்துவிட்டுச் சமையலறைப் பாயிண்ட் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓனர் காரு முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.